கூடை கட்டிய பாதர்மார்

மட்டக்களப்பு விளையாட்டு வரலாற்றில் ஆடியவர்களைவிட ஆட்டுவித்தவர்களின் பெயர்தான் நிலைத்திருக்கிறது. வாவிக்கரை ஊரின் தொண்டர்களைப் பற்றிய சிறப்புக் கட்டுரை.

இலங்கையின் விளையாட்டரங்குப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் நாட்டின் அரசியல் வரலாற்றில் பாதி வந்துவிடும். கொழும்பில் சுகததாச அரங்கு; சுகததாச மாநகர மேயராகவும் அமைச்சராகவும் இருந்தவர். கெத்தாராமையில் ஆர். பிரேமதாச அரங்கு. சூரியவெவவில் மகிந்த ராஜபக்ச அரங்கு. யாழ்ப்பாணத்தில் துரையப்பா அரங்கு. 1975இல் சுட்டுக்கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயர் அது. கதிரையில் இருந்தவர் பெயர் மைதானத்துக்கு வருவதுதான் நாட்டு வழக்கம்.

மட்டக்களப்பு இந்த வழக்கத்துக்குள் வரவில்லை. ஊரின் பெரிய மைதானத்துக்கு வெபர் அரங்கு என்று பெயர். ஹரல்ட் வெபர் மேயருமல்ல, மந்திரியுமல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. புனித மிக்கேல் கல்லூரிப் பெடியன்களை ஓடவும் பாயவும் எறியவும் பழக்கிய பயிற்றுநர். இன்று அங்கே உதைபந்தாட்டம் பார்க்கப் போகும் பள்ளிப் பிள்ளைக்கு ‘வெபர்’ என்பது ஓர் இடத்தின் பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார் என்பதை வீட்டில் பெரியவர்கள் யாராவது சொன்னால்தான் உண்டு.

விளையாட்டுக் கழகம் ஒன்று தன் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது ஆட்டக்காரர் பட்டியல்: யார் அதிக கோல் அடித்தது, யார் தேசிய அணிக்குப் போனது, எந்த ஆண்டு எந்தக் கிண்ணம். பின்பக்கத்தில், விளம்பரங்களுக்கு நடுவே, ‘நன்றிக்குரியோர்’ என்று நாலு வரி இருக்கும். பந்துக்குக் காற்றடித்தவர், சுண்ணாம்பால் கோடு போட்டவர், பஸ் பிடித்தவர், தோற்றுவிட்டு அழுத பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விட்டவர் எல்லோரும் அந்த நாலு வரிக்குள் அடங்கிப்போவார்கள். மட்டக்களப்பின் கதையை நேர்மையாக எழுதினால் அந்த நாலு வரியைத்தான் முதல் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

வடசேரியும் தென்சேரியும்

கழகம், லீக், கிண்ணம் எல்லாம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்த மண்ணில் இரண்டு அணிகள் இருந்தன. ஒன்று வடசேரி, மற்றது தென்சேரி. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு ஒட்டி நடந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் இந்த இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். மழை பொய்த்தபோதும் நோய் பரவியபோதும் அம்மனின் கோபத்தைத் தணிக்க ஊர் கூடி ஆடிய ஆட்டம் இது.

விடத்தல் போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் வளைந்த கொம்பாகத் தேடி எடுத்துச் செதுக்குவார்கள். இரு கட்சிக் கொம்புகளையும் ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரண்டு பக்கமும் நின்று இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தக் கட்சிக்குத் தோல்வி. வென்றவர்கள் தோற்றவர்களைப் பாட்டில் வைத்து நையாண்டி பண்ணுவார்கள். சிங்கள ஊர்களில் பத்தினித் தெய்வத்துக்காக ஆடப்படும் அங்கெளியவும் இதே ஆட்டம்தான். அங்கே கட்சிகளின் பெயர் உடுபில, யடிபில.

இந்த ஆட்டத்தில் நட்சத்திர வீரர் என்று ஒருவர் இல்லை. வடத்தைப் பிடித்து இழுப்பவர் நூறு பேரில் ஒருவர். வெற்றி தோல்வியை முடிவு செய்வது காட்டுக்குப் போய்ச் சரியான கொம்பைக் கண்டுபிடித்தவரின் கண்ணும், அதைச் செதுக்கியவரின் கையும், கொளுவும் இடத்தை இறுக்கிக் கட்டியவரின் சூட்சுமமும்தான். ஆட்டம் சூடேறிக் கைகலப்பாகாமல் இரு கட்சியையும் அடக்கிவைக்கப் பெரியவர்களும் வேண்டும். பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துபவருக்கு முன்வரிசை கொடுக்கும் பழக்கம் இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் எப்படியோ, பின்னாளில் கழகத்துக்குச் செயலாளர் அப்படி.

பிரெஞ்சுக்காரர் விட்ட இடத்தில்

நவீன விளையாட்டு இங்கே பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் வந்தது. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்து இறங்கித் தொடங்கிய பள்ளியின் வழியில் வந்தது மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873இல் புளியந்தீவில் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. 1929இல் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தர் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். வாவியின் இரு கரையிலும் பள்ளிகள் வந்ததும் போட்டிக்குப் பஞ்சமில்லாமல் போனது.

மிக்கேல் கல்லூரி நெடுங்காலம் பிரெஞ்சு இயேசு சபையினரின் கையில் இருந்தது. 1893இல் அமைந்த திருகோணமலை மறைமாவட்டத்தில் பணியாற்ற பிரான்சின் ஷாம்பெயின் மாகாணத் துறவிகள் வந்தார்கள். அவர்களில் ஃபேர்டினண்ட் பொனெல் அடிகளார் கணிதத்தில் பெயர் போனவர். காரைதீவிலிருந்து வந்த மயில்வாகனம் என்ற மாணவன் அவரிடம் கணிதம் படித்து, 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினான். அந்த மாணவன்தான் பின்னாளில் சுவாமி விபுலானந்தர் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். யாழ் நூல் தந்தார். பிள்ளைக்குள் இருக்கும் கெட்டித்தனத்தை வெளியார் ஒருவர் கண்டுபிடித்து வளர்த்துவிடுவது அந்தக் கல்லூரிக்குப் பழகிப்போன கதை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பொறுப்பு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபைக்கு மாறியது. லூசியானா மாநிலத்திலிருந்தும் அதன் அயலிலிருந்தும் இருபதைத் தாண்டிய இளைஞர்கள் கப்பல் ஏறி வந்தார்கள். வந்து பார்த்த ஊர் அவர்களுக்கு முற்றிலும் அந்நியமாக இருந்திருக்காது. மிசிசிப்பி ஆறு கடலில் விழும் அந்தத் தாழ்நிலத்திலும் சதுப்பும் நெல் வயலும் இறாலும் நண்டும் உண்டு; வெக்கையும் புயலும் உண்டு. வந்தவர்களில் ஒருவரான யூஜின் ஹெபர்ட் பிறந்த ஜெனிங்ஸ் என்ற சிற்றூரே நெல் விளையும் பூமி. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் வரம்பில் முதன்முதல் நடந்தபோது அவருக்குத் தன் ஊர் ஞாபகம் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பிரெஞ்சுக்காரரிடம் இல்லாத ஒன்று அமெரிக்கர்களிடம் இருந்தது. அவர்கள் நாட்டுப் பள்ளிகளில் படிப்புக்குச் சமமாகக் கூடைப்பந்தும் ஓட்டமும் நடந்தன. அங்கிக்குள் இருந்த பாதர்மாரில் பலர் அப்படிப்பட்ட பள்ளி மைதானங்களில் வளர்ந்தவர்கள். பாடம் முடிந்ததும் அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மைதானத்தில் 17 களம்

மட்டக்களப்பில் கூடைப்பந்து இவ்வளவு வேர் பிடித்ததற்குப் பாதர்மாரின் ஆர்வம் ஒரு காரணம். ஊரின் நில அமைப்பும் காலநிலையும் மற்றக் காரணம்.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். வெளியே பனி கொட்டியது. உள்ளே அடைந்து கிடந்த வாலிபர்களுக்கு ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. 13 விதிகள் எழுதினார். கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்ததால் இன்றுவரை வளையமும் 10 அடி உயரத்தில்தான் இருக்கிறது. பனிக்கு அஞ்சிப் பிறந்த ஆட்டம் மழைக்கு அஞ்சும் ஊரில் வந்து குடியேறியதுதான் சுவாரசியம்.

வடகீழ்ப் பருவமழை கொட்டும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாவி கரை தட்டும். புல் மைதானங்கள் சேறாகும்; உதைபந்தாட்டம் வாரக்கணக்கில் நிற்கும். சீமெந்துத் தளத்தில் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கலாம். இடப் பிரச்சினைக்கும் இது பதில். தரமான உதைபந்து மைதானம் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். கூடைப்பந்துக் களம் 28க்கு 15. ஒரு மைதானத்தின் பரப்பு 17 களத்தின் பரப்புக்குச் சமம். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த புளியந்தீவில் நிலத்தின் அருமை எல்லோருக்கும் தெரியும்.

செலவும் கொஞ்சம். இரண்டு கம்பம், இரண்டு பலகை, இரண்டு வளையம், ஒரு பந்து. சப்பாத்து இல்லாத பிள்ளையும் ஆடலாம். ஆனால் ஒன்றே ஒன்று கட்டாயம் வேண்டும்: நாள்தோறும் ஒரே நேரத்துக்கு வந்து நிற்கும் ஓர் ஆள்.

கூடைப்பந்தில் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் எறியையே எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரப் பிள்ளை வளையத்துக்கு வலப்புறமிருந்து சாய்வாக ஓடி வரவேண்டும். பந்தைப் பிடித்ததும் வலக்கால், அடுத்து இடக்கால், இடக்காலில் ஊன்றி எழும்பும்போது வலது முழங்கால் மேலே வரவேண்டும். பந்தை வளையத்துக்குள் நேரே போடக்கூடாது. பலகையில் வரைந்த கட்டத்தின் மேல்மூலையில் மெதுவாகத் தொட்டுவிட வேண்டும். அது தானாக விழும். கேட்க இரண்டு நிமிடம். உடம்புக்குள் இறங்க மாதக்கணக்காகும். முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாவது அடி எடுத்துவைத்துவிடுவார்கள். விசில் ஊதும், திரும்பப் போய் வரிசையில் நில். வலக்கைக்குப் பழகியதும் இடப்புறம் போய் இடக்கைக்கு முதலிலிருந்து தொடங்கு. இதைச் சலிக்காமல் ஆண்டுக்கு ஆண்டு புதுப் பிள்ளைகளுக்குச் செய்ய ஒருவர் இருந்தால் அந்த ஊரில் அணி இருக்கும். அவர் மாறிப்போனால் இரண்டு ஆண்டில் அணி கரைந்துவிடும். திறமை எல்லா ஊரிலும் உண்டு. நின்று பழக்கும் ஆள்தான் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

கயிறும் முளையும்

ஓட்டத்துக்கும் இதே கதைதான். புல்தரையில் ஓடுபாதை வரைவது சின்ன வேலையல்ல. அரைவட்டத்தின் மையத்தில் முளை அடித்து, அளந்த கயிற்றை அதில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சுற்றிவர, அவர் பின்னால் இன்னொருவர் சுண்ணாம்பு தூவிக்கொண்டு வரவேண்டும். 400 மீற்றர் பாதை என்றால் உள்வளைவின் ஆரம் 36.5 மீற்றர், நேர்கோடு 84.39 மீற்றர். கயிறு ஒரு சாண் நீண்டாலும் தூரம் மாறிவிடும். அந்தப் பாதையில் ஓடிய நேரக்கணக்கு எல்லாம் வீண். வெளிப்பாதையில் ஓடுபவர் எவ்வளவு முன்னால் நின்று தொடங்கவேண்டும் என்பதையும் ஒவ்வொரு பாதைக்கும் தனியே கணக்குப் பார்க்கவேண்டும். இரவு மழை பெய்தால் காலையில் முதலிலிருந்து.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் மாலையில் இந்த வேலையில் குனிந்து நிற்கும் ஆசிரியரை எல்லாப் பள்ளிகளிலும் காணலாம். போட்டி நாளன்று மேடையில் அவருக்கு இடமிருக்காது. வெபர் அடிகளார் இந்த இனத்தைச் சேர்ந்தவர். அவர் மிக்கேல் மாணவர்களோடு மட்டும் நின்றுவிடவில்லை. ஊருக்கென்று ஒழுங்கான ஒரு மைதானம் வேண்டும் என்று உழைத்தார். அதனால்தான் அந்த மைதானம் கல்லூரிச் சொத்தாக அறியப்படாமல் ஊர்ச் சொத்தாக அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் கால் பதித்த மண் அது. பெயர் வைத்த தலைமுறைக்கு அவர் யார் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. கும்பிட்டுப் பெயர் வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கட்டளை வந்து வைத்த பெயரல்ல அது.

ஓகஸ்ட் 15, 1990

கூடைப்பந்துக்கு ஒரு முகம் கேட்டால் கிழக்கில் பழையவர்கள் சொல்லும் பெயர் யூஜின் ஹெபர்ட். 1923 ஒக்டோபரில் பிறந்தவர். 1941இல் இயேசு சபையில் சேர்ந்தவர். 1948இல் இலங்கைக்கு வந்தவர். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு மிக்கேலிலும் அவர் பழக்கிய அணிகள் கொழும்புப் பள்ளிகளை எதிர்த்து நின்றன. வசதியும் உள்ளரங்கும் உள்ள தலைநகர அணிகளைக் கிழக்கின் வெயிலில் பழகிய பெடியன்கள் வென்றார்கள். அகில இலங்கைப் பட்டங்கள் ரயில் ஏறி வாவிக்கரைக்கு வந்தன.

வயது ஏறியபின் அவர் மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். பல்கலைக்கழகம் போக முடியாத இளைஞர்களுக்கு ஒரு கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் இடம் அது. களத்தில் செய்த வேலையைத்தான் பட்டறையிலும் செய்தார்: செய், பிழை விடு, திரும்பச் செய்.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. அந்த ஓகஸ்ட் மாதம் மட்டக்களப்பு மாவட்டத்தின் வரலாற்றில் மிகக் கறுப்பான மாதங்களில் ஒன்று. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 11ஆம் திகதி இரவும் மறுநாளும் ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் கொல்லப்பட்டன. பதிலுக்குப் பதிலாகத் தமிழர்களும் கொல்லப்பட்டார்கள். நேற்றுவரை ஒரே சந்தையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கண்டு அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கிய நாட்கள் அவை.

அந்த நேரத்தில் வாழைச்சேனையில் அகப்பட்டுப்போன அருட்சகோதரிகளுக்கும் மக்களுக்கும் உதவவென்று ஹெபர்ட் அடிகளார் தன் ஸ்கூட்டரில் போனார். போன வேலை முடிந்தது. ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். தமிழ் இளைஞர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பினார். வழியில் ஏறாவூர். இருவரும் வந்து சேரவில்லை. ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. அவருக்கு அப்போது 66 வயது. இலங்கையில் 42 ஆண்டுகள்.

அமெரிக்கக் குடிமகன் என்பதால் தூதரகம் கேட்டது, வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அவருக்கே இந்தக் கதி என்றால், அதே மாதத்திலும் அடுத்த மாதத்திலும் காணாமற்போன நூற்றுக்கணக்கான ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கேட்க யார் இருந்தார்கள்? செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் ஏற்றிக்கொண்டு போகப்பட்டார்கள். அவர்களும் திரும்பவில்லை. கூடைப்பந்துப் பயிற்றுநர் ஒருவரின் பெயர் அந்த நீண்ட பட்டியலில் ஒன்றாகச் சேர்ந்தது. பெரும்பாலான கழகங்களின் தொண்டர் வரலாற்றில் ‘ஓய்வு பெற்றார்’ என்று இருக்கும் இடத்தில், இங்கே ‘திரும்பி வரவில்லை’ என்று எழுதவேண்டியிருக்கிறது.

பெயர்களை எழுதிவைத்தவர்

ஹெபர்ட் வந்த அதே 1948இல் வந்தவர் பெஞ்சமின் ஹென்றி மில்லர். ஊருக்கு ஹரி மில்லர் பாதர். நியூ ஓர்லியன்ஸில் பிறந்தவர். மிக்கேலில் பல தலைமுறைக்குக் கல்வி கொடுத்தவர். போர் முற்றியபோது அவருடைய மேசையில் பாடக் கொப்பிகள் இருந்த இடத்தில் வேறு தாள்கள் வந்தன. மகனைக் காணவில்லை என்று வந்த தாய்மாரிடம் பெயர், வயது, பிடித்துக்கொண்டுபோன நாள், இடம் எல்லாம் கேட்டு எழுதினார். எழுதியதை எடுத்துக்கொண்டு முகாம் வாசல்களுக்குப் போனார். மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்து இதைச் செய்தார்.

இது விளிம்பில் நின்று செய்யக்கூடிய பாதுகாப்பான வேலையல்ல. ஊரின் பிரஜைகள் குழுவுக்குத் தலைமை தாங்கிய சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6ஆம் திகதி புனித மரியாள் பேராலயத்தில் வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டதை கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் மில்லர். அதற்குப் பிறகும் எழுதினார். முதுமையில் ஒருமுறை பிறந்த ஊரோடு போய்விடலாம் என்று நியூ ஓர்லியன்ஸ் போனார். அங்கே ஒட்டவில்லை, மட்டக்களப்புக்கே திரும்பினார். 2019ஆம் ஆண்டு பிறந்தபோது, 93 வயதில், இந்த ஊரிலேயே கண்ணை மூடினார்.

விளையாட்டுக் கட்டுரையில் மில்லருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கழகத் தொண்டன் செய்யும் வேலைகளில் யார் கண்ணிலும் படாதது பதிவு வைப்பது: யார் வந்தார், யார் வரவில்லை, ஏன் வரவில்லை. நல்ல பயிற்றுநருக்கு ஒரு பிள்ளை இரண்டு நாள் பயிற்சிக்கு வராவிட்டால் காரணம் தெரிந்தாகவேண்டும். அந்தப் பழக்கத்தை மில்லர் போர்க்காலத்துக்குக் கொண்டுபோனார். ஊர்ப் பிள்ளைகளின் வரவுப் பதிவேட்டை யாரும் பார்க்க விரும்பாத நாட்களில் அவர் திறந்து வைத்திருந்தார்.

செயலாளர் பெயரில் தங்கப் பதக்கம்

பின்னால் நின்றவருக்குப் பெரிய மரியாதை கொடுத்த ஊர்கள் வேறும் உண்டு. அவுஸ்திரேலியாவின் சொந்த உதைபந்தாட்டத்தில், முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் அந்த ஆட்டத்தில், ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைக்கும் ஆக உயர்ந்த கௌரவம் பிரவுன்லோ பதக்கம். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் வீரர்கள் கழுத்தில் ஏற்க ஏங்கும் அந்தப் பதக்கம் எந்த மாவீரனின் பெயரிலும் இல்லை. ஜீலோங் கழகத்தில் ஆடிவிட்டு, பின்பு சுமார் 40 ஆண்டுகள் அதன் செயலாளராக இருந்து கணக்கும் கடிதமும் பார்த்த சார்ல்ஸ் பிரவுன்லோவின் பெயரில் இருக்கிறது. அவர் 1924 ஜனவரியில் இறந்தார். அந்த ஆண்டே பதக்கம் தொடங்கியது. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு: அந்தப் பருவத்தில் முறைகேடாக ஆடித் தடை வாங்கியவர், எவ்வளவு கெட்டிக்காரரானாலும், அதை வெல்ல முடியாது. திறமையோடு ஒழுக்கத்தையும் கேட்கும் பதக்கத்துக்குச் செயலாளரின் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கொழும்பில் நம்மவர்களும் இதையே செய்திருக்கிறார்கள். 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தில் ஆடியவர் மகாதேவன் சதாசிவம். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் அடித்த கலைஞர் அவர். 1948 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பு ஓவலில் இறங்கி ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். அன்று ஆடுகளம் 22 யார் இருக்கவேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்தது என்பது கிரிக்கெட் உலகம் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. அதே கழகத்தின் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரன் பின்னாளில் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். ஆனால் அந்த ஓவல் மைதானத்தின் பெயர் இன்று சதாசிவமுமல்ல, முரளியுமல்ல. அந்த மைதானம் உருவாக முன்னின்று உழைத்த அரச அதிகாரி பி. சரவணமுத்துவின் பெயரில் அது நிற்கிறது. 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது அங்கேதான்.

ஜீலோங், கொழும்பு, மட்டக்களப்பு மூன்றிலும் பெயர் சூட்டியவர்கள் ஒன்றை விளங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரர் பெயரைக் காப்பாற்ற ஓட்டக்கணக்கும் கோல் கணக்கும் இருக்கின்றன. தொண்டருக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. பலகையில் எழுதினால்தான் உண்டு.

எழுதவேண்டிய பட்டியல்

இங்கே பாதர்மாரைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு போனால் அதுவும் ஓர் அநியாயம். வெளிநாட்டுத் துறவியின் பெயர் நிலைக்க சபைக் குறிப்பேடும் திருச்சபைப் பத்திரிகையும் உதவின. அவர்களோடு தோள் சேர்ந்து நின்ற உள்ளூர் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு அந்த வசதி இல்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகள் அரசின் கைக்கு மாறத் தொடங்கியபின் மைதானப் பொறுப்பு மெல்ல மெல்ல அவர்கள் தலையில்தான் விழுந்தது. சம்பளத்தில் பந்து வாங்கியவர்கள் அவர்கள்தான். புனித சிசிலியா மகளிர் கல்லூரியிலும் வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலையிலும் வலைப்பந்து அணிகளைக் கட்டிய ஆசிரியைகளின் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை. மகளை மாலையில் பயிற்சிக்கு விடும்படி தாய் தகப்பனைச் சம்மதிக்கவைப்பது கிண்ணம் வெல்வதைவிடக் கடினமாக இருந்த காலம் அது. அதைச் செய்து காட்டியவர்கள் அந்த ஆசிரியைகள்.

இருந்த பதிவுகளும் தங்கவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கியது. 900க்கு மேற்பட்ட உயிர்கள் போயின, கூரைகளோடு காகிதங்களும் போயின. பிறகு போர். பிறகு 2004 டிசம்பர் 26. நாவலடியையும் கல்லடியையும் டச்பாரையும் கடல் எடுத்தது. டச்பாரில் வாழ்ந்த பறங்கிக் குடும்பங்களின் அலுமாரிகளில் இருந்த அணிப் படங்கள் எத்தனை போயிருக்கும்! தப்பிய குடும்பங்களில் பலர் மெல்பேர்னிலும் டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அங்கேயும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. ஆண்டுதோறும் இராப்போசனம் உண்டு. ஊருக்குப் பணமும் வருகிறது. அந்தப் பணத்தில் கம்பமும் பலகையும் வந்துவிடுகின்றன. மூன்றாவது அடி எடுத்துவைக்கும் பிள்ளைக்கு மாலை தவறாமல் விசில் ஊத ஆள் வருவதில்லை. ஊரில் இன்று அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கும் சிலருக்கு, தாங்கள் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று யாரும் சொன்னதுமில்லை.

ஆகவே ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு கழகமும் தன் சுவரில் இரண்டு பலகை வைக்கட்டும். ஒன்றில் தலைவர்களும் கிண்ணங்களும் இருக்கட்டும்; அது எப்படியும் எழுதப்பட்டுவிடும். மற்றதில் கோடு போட்டவர், பழக்கியவர், கணக்குப் பார்த்தவர், சாப்பாடு கட்டிக்கொடுத்தவர் பெயர்கள் வரவேண்டும். பெண்கள் பெயரும் அதில் இருக்கவேண்டும். ஹெபர்ட்டின் பெயருக்கு நேரே 1990 என்ற ஆண்டும் வரவேண்டும். புலம்பெயர்ந்த சங்கங்கள் அடுத்த இராப்போசனத்தில் பேச்சாளரைக் குறைத்துவிட்டு, மூத்த உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் ‘உங்களைப் பழக்கியது யார்?’ என்று கேட்டுப் பதிவுசெய்தால் பாதி வேலை முடிந்தது.

கிண்ணத்தின் ஆண்டைப் பழைய பத்திரிகையில் எப்போதும் தேடி எடுத்துக்கொள்ளலாம். கோடு போட்டவரின் பெயர் பத்திரிகையில் வரவேயில்லை. அவரிடம் பழகியவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. வெபரின் விசிலுக்கு ஓடிய பெடியன்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதாவிட்டால், இரண்டாவது பலகையில் எழுத நம்மிடம் பெயர் எதுவும் மிஞ்சாது.